பட்டியலில் ஏறும் ஊர்கள்

தவக்காலத்து வெள்ளி ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்து இறைமக்கள் கலைந்த பின்னரும், ஓர் இளைஞர் மட்டும் கோவில் முற்றத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். பிள்ளைப்பாக்கத்தில் சிப்காட் தொழிற்பூங்கா வந்தபின் ஏரை விட்டு வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்த தலைமுறையைச் சேர்ந்தவர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பரந்து கிடக்கும் தொழிற்சாலைகளுக்கு வந்துபோகும் விருந்தினரை விமான நிலையத்திலிருந்து விடுதிக்கும், விடுதியிலிருந்து தொழிற்சாலைக்கும் ஏற்றிச் செல்வது அவர் பிழைப்பு. அவர் அன்று நம்மிடம் சொன்னது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்ட செய்தி அன்று, மரத்தடியில் கேட்டது. அதை எழுதுவதற்கு அவரே இசைவு தந்தார்.

முந்திய இரவு மீனம்பாக்கத்தில் இருவர் அவர் வண்டியில் ஏறியிருக்கின்றனர். ஒருவர் வெளிநாட்டவர், எந்த நாட்டவர் என்பது இங்கே வேண்டியதில்லை. மற்றவர் நம் நாட்டவர். பூந்தமல்லி தாண்டும் வரை இருவரும் ஊர்களைப் பற்றியே பேசிவந்தார்களாம். இந்த நகரத்தில் மலிவு. அந்த நகரம் முன்போல் இல்லை, காவல்துறை கெடுத்துவிட்டது. இன்னொரு தீவில் கேட்பாரில்லை, வயதைக்கூடக் கேட்பாரில்லை. மிளகாய் மண்டியில் வரத்தும் விலையும் பேசுவதுபோல் பெண்களைப் பற்றிய அந்தப் பேச்சு நடந்திருக்கிறது. கடைசியில் நம் நாட்டவர் முன்பக்கம் சாய்ந்து, "இங்கே எப்படிப்பா?" என்று கேட்டாராம்.

"எனக்குத் தெரியாது சார்னு சொல்லிட்டேன், ஃபாதர். ஆனா நம்ம ஊரையும் அந்த லிஸ்ட்ல சேத்துடுவாங்களோன்னு பயமா இருக்கு. தங்கச்சி நைட் ஷிஃப்ட் முடிஞ்சு அந்த ரோட்லதான் வருது."

"ஜெபிப்போம், தம்பி" என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தோம். ஜெபிக்கவும் செய்தோம். ஆயினும் கேட்ட கேள்விக்கு அது விடையன்று என்பது இருவருக்கும் தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு முன் குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்ற நாள்தொட்டு, விடை தெரியாத வினாவைப் பழைய ஏடுகளிடம் கொண்டுசெல்வது நமக்கு ஒரு பழக்கம். அந்தப் பட்டியலை முதலில் எழுதியவர் யார்? ஓர் ஊர் அதில் ஏறுவது எவ்வாறு? இறங்குவது எவ்வாறு? தேடியபோது கிடைத்தவற்றை வாசகர்முன் வைக்கிறோம். பேசக் கூசும் பொருள்தான். கூசிப் பேசாதிருந்ததனால் நேர்ந்த கேடுகளையும் கீழே காணலாம்.

பட்டியல் மிகப் பழையது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெனிஸ் நகரில் ஓர் அச்சுப்பட்டியல் உலவியது. அந்நகரத்துப் பரத்தையர் 200 பேருக்கு மேற்பட்டோரின் பெயர், வசிக்கும் இடம், விலை, பணத்தை யாரிடம் கொடுக்கவேண்டும் என்பவையெல்லாம் அதில் வரிசையாக இருந்தன. பணம் பெறுபவர் பல இடங்களில் பெற்ற தாய்! இலண்டனில் 1757 முதல் 1795 வரை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வந்த 'ஹாரிஸ் பட்டியல்' இதே வேலையைச் செய்தது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் 1897இல் சட்டமியற்றி ஒரு பகுதியை இத்தொழிலுக்கென ஒதுக்கியது. 1917இல் படைத்துறையின் வற்புறுத்தலால் அது மூடப்படும்வரை, வெளியூர் ஆடவர் கையில் 'நீலப் புத்தகம்' என்னும் சிறு கையேடு இருந்தது.

நம் இலக்கியமும் விலை கூறாமல் இல்லை. மாதவியின் மாலைக்கு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் என்று நகர வீதியில் கூறப்பட்டதைச் சிலப்பதிகாரம் மறைக்கவில்லை. அகப்பாடல்களின் மருதத் திணையில் பரத்தை வீட்டுக்குப் போய்த் திரும்பும் ஆடவனுக்கு என்ன பெயர்? தலைவன். போனபோதும் தலைவன், வந்தபோதும் தலைவன். விற்கப்படுபவளைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள்! வாங்குபவனைக் குறிக்கும் சொல்லோ நாவில் எளிதில் வருவதில்லை. இதைச் சொன்னபோது தமிழாசிரிய நண்பர் ஒருவர் நம்மிடம் சற்றே கோபித்துக்கொண்டார், ஆயினும் மறுத்துரைக்கவில்லை.

வெனிஸ் பட்டியலிலும் இலண்டன் பட்டியலிலும் இதுவே நிலை. பெண்ணின் பெயர் உண்டு, வசிக்கும் இடம் உண்டு, விலை உண்டு. வாங்கியவர் பெயருக்கென ஒரு வரிசை இல்லை. திருவெளிப்பாடு நூலின் 18ஆம் அதிகாரத்திலும் ஒரு சரக்குப் பட்டியல் வருவதை வாசகர் அறிவர். பொன்னில் தொடங்கி, முத்து, பட்டு, நறுமணப் பொருள், மாவு, ஆடுமாடு என்று சென்று மனித உயிர்களில் முடியும் பட்டியல் அது. அங்கேயோ வணிகர் யாவர், அவர்களோடு களித்த அரசர் யாவர் என்பது பேசப்படுகிறது. அவர்களது புலம்பலும் கேட்கிறது.

இனி நம் சாலைக்கே வருவோம். வண்டி சென்ற பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கும் இந்தப் பொருளுக்கும் பழைய தொடர்பு உண்டு. பரங்கிமலையில் ஆங்கிலேயரின் பீரங்கிப்படை இருந்தது. பூந்தமல்லியில் சீமையிலிருந்து வந்திறங்கிய படைவீரர் தங்கும் கூடாரநிலை இருந்தது. ஒரகடத்துக்கு மேற்கே வாலாஜாபாத்திலும் கம்பெனியின் படைமுகாம் இருந்தது. முகாம் இருந்த இடங்களில் 'லால் பஜார்' என்னும் பகுதியும் இருந்தது. படைவீரருக்கெனப் பதிவுசெய்யப்பட்ட பெண்கள் வாழ்ந்த இடம் அது. அப்பெண்களுக்குப் பால்வினை நோய் கண்டால் அடைத்துவைத்துச் சிகிச்சை செய்ய 'லாக் ஆஸ்பத்திரி' என்னும் மருத்துவமனைகளும் சென்னை மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்தன. பரங்கிமலையிலும் பூந்தமல்லியிலும் அவை இருந்தன. புனித தோமா மலைக்குத் திருப்பயணம் செல்லும் நம்மவருள் எத்தனை பேர் இதை அறிவர்?

1864ஆம் ஆண்டின் படைமுகாம் சட்டமும் 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டமும் இந்த ஏற்பாட்டை இறுக்கின. பெண் பதிவுச்சீட்டு வைத்திருக்க வேண்டும், குறித்த நாளில் பரிசோதனைக்கு வரவேண்டும், வராவிட்டால் தண்டனை. நோய் இருவர் உடலிலும் இருந்தது. சட்டமோ பெண்ணின் உடலை மட்டுமே சீட்டுக் கட்டி இழுத்தது. இம்மருத்துவமனைகள் ஆண்டறிக்கைகளை அச்சிட்டு வெளியிட்டன. அவற்றில் ஊர்வாரியாக அட்டவணைகள் இருந்தன: இன்ன முகாமில் ஆயிரம் வீரருக்கு இத்தனை பேர் நோயுற்றனர், இன்ன முகாமில் சென்ற ஆண்டைவிடக் குறைவு, இன்ன முகாமில் பதிவுசெய்த பெண்கள் போதவில்லை. அச்சுப்பட்டியல்களில் பெண்ணையும் பெண்ணையும் ஒப்பிட்டனர். இங்கோ ஊரையும் ஊரையும் ஒப்பிட்டது அரசாங்கமே.

இதன் உச்சமாக ஒரு சுற்றறிக்கை 1886 ஜூனில் வெளியாயிற்று. அப்போது இந்தியப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் சர் ஃபிரடெரிக் ராபர்ட்ஸ். அவருடைய தலைமையகத்திலிருந்து சென்ற அந்த ஓலை, முகாம்களில் பெண்கள் போதிய எண்ணிக்கையில் இருக்கிறார்களா, போதிய அழகுடையவர்களா என்று பார்த்துக்கொள்ளுமாறு அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது. குதிரைக்குப் புல் வாங்குவதைப் பற்றிய ஆணையும் இதே கையெழுத்தில்தான் சென்றிருக்கும்.

இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்கள் பெண்கள். இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் குரு ஒருவரின் மனைவியான ஜோசபின் பட்லர் அம்மையார் இச்சட்டங்களுக்கு எதிராகப் பல ஆண்டுகள் போராடினார். 1888இல் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம் நீக்கப்பட்டது. நீக்கப்பட்டது ஏட்டில் மட்டுமே என்பதைச் சோதித்தறிய எலிசபெத் ஆண்ட்ரு, கேதரின் புஷ்னெல் என்னும் இரண்டு அமெரிக்கப் பெண்கள் 1891-92இல் இந்தியா வந்தனர். முகாம் முகாமாகச் சென்றனர். அதிகாரிகளைக் கேட்கவில்லை, அந்தப் பெண்களிடமே உட்கார்ந்து பேசினர். அவர்கள் கண்டது மெய்தான் என்பதை 1893இல் அரசாங்கக் குழு ஒப்புக்கொண்டபோது, ராபர்ட்ஸ் பிரபு தாம் முன்பு மறுத்துரைத்ததற்கு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. இவர்கள் கத்தோலிக்கர் அல்லர். அக்காலத்தில் நம் மலையடிவாரத்தில் இருந்த குருக்கள் இதைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று தேடினோம். நம் கைக்கெட்டிய நூல்களில் ஒரு வரியும் இல்லை.

படைவீரன் போனான், உல்லாசப் பயணி வந்தான். இந்த மாற்றம் நிகழ்ந்த இடம் தாய்லாந்து. 1967இல் வியட்நாம் போரில் ஈடுபட்ட அமெரிக்க வீரர் ஓய்வெடுக்கத் தாய்லாந்துக்கு வரும் உடன்பாடு ஏற்பட்டது. அந்நாட்டில் பரத்தமை 1960இலேயே சட்டப்படி தடைசெய்யப்பட்டிருந்தது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். தடைக்குப் பின்புற வாசலாக, 1966இல் 'கேளிக்கை இடங்கள்' என்ற பெயரில் உரிமம் வழங்கும் சட்டம் வந்தது. 1975இல் போர் முடிந்தது. வீரர் திரும்பினர், கட்டிய மதுக்கூடங்களும் விடுதிகளும் திரும்பிப் போகவில்லை. 1970இல் பறக்கத் தொடங்கிய ஜம்போ விமானங்கள் பயணச் செலவைக் குறைத்துவைத்திருந்தன. வெற்றிடம் விரைவில் நிரம்பியது. பாட்டயா என்ற கடற்கரை ஊரின் பெயரே ஒரு கண்சிமிட்டல் ஆகிவிட்டது.

அதே காலத்தில் ஜப்பானிய ஆடவர் கூட்டம் கூட்டமாகத் தென்கொரியாவுக்குச் சென்றுவந்தனர். அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறார்கள் என்று அரசே அப்பெண்களைப் புகழ்ந்தது. 1973இல் கொரியத் திருச்சபைப் பெண்களின் அமைப்பு இதை வெளிப்படையாகக் கண்டித்தது. அவ்வாண்டு டிசம்பரில் சியோலின் விமான நிலையத்தில் மாணவியர் பதாகை ஏந்தி நின்றனர். சில நாட்களில் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பானியப் பெண்களும் நின்றனர். அவர்கள் தடுத்து நிறுத்தியது வெட்கங்கெட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்த தம் நாட்டு ஆடவரை. நாம் படித்த வரலாற்றில் பதாகை வாங்குபவனை நோக்கித் திரும்பிய முதற்காட்சி இதுதான். 1981இல் ஜப்பானியப் பிரதமர் மணிலாவுக்கும் பாங்காக்குக்கும் சென்றபோதும் இதே எதிர்ப்பு அவரை வரவேற்றது.

பட்டியலில் ஏறியவை பெரிய நகரங்கள் மட்டும் அல்ல. பிலிப்பைன்சில் பக்சஞ்சான் என்றொரு சிற்றூர் உண்டு. அருவிக்குப் பெயர்பெற்றது, கத்தோலிக்க ஊர். 1980களில் அது சிறுவர்களைத் தேடி வருவோரின் ஊராக உலகெங்கும் அறியப்பட்டது. இவ்வகைப் பயணிகளிடையே உலவிய வழிகாட்டிகளும் கடிதங்களும் அதைப் பரிந்துரைத்தன. வறுமை மிக்க ஊர்கள் எத்தனையோ இருக்க, அந்த ஊர் ஏன் ஏறியது என்று ஆராய்ந்தவர் சொல்வது இதுதான்: ஊர் பழகிப்போனது. படகோட்டிக்கு ஒரு பங்கு, விடுதிக்கு ஒரு பங்கு, சில வீடுகளுக்கே ஒரு பங்கு. கேள்வி கேட்பவன் வெளியாள் ஆனான். சூபிக் கடற்படைத் தளம் இருந்த ஒலொங்காப்போ நகரிலே அருட்தந்தை ஷே கல்லன் என்னும் கொலும்பன் சபைக் குரு 1974இல் நிறுவிய இல்லம் மீட்கப்பட்ட பிள்ளைகளுக்குப் புகலிடமாயிற்று. அவர் வாங்கிய ஏச்சுகளுள் பெரும்பான்மை ஊரின் பெயரைக் கெடுக்கிறார் என்பதே.

இனி நமக்கு நெருக்கமான இரண்டு இடங்கள். இவற்றில் சற்று நின்றே செல்லவேண்டும்.

முதலாவது நீர்கொழும்பு. 'சின்ன உரோமை' என்று இலங்கையர் செல்லமாக அழைக்கும் ஊர். தெருவுக்கு ஒரு சுருபக்கூடு. கட்டுநாயக்க விமான நிலையம் அருகிலேயே இருப்பதால் ஐரோப்பியப் பயணியின் முதல் கடற்கரையும் கடைசிக் கடற்கரையும் அதுவே. 1970களில் அங்கும் தெற்கே ஹிக்கடுவையிலும் சிறுவர்கள் பயணிகளின் பின்னே திரியத் தொடங்கினர். 1980இலேயே தெர் தே ஓம் என்னும் ஐரோப்பியச் சிறுவர் நல அமைப்பு இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. சட்டம் திருந்தியதோ 1995இல். இடையில் பதினைந்து ஆண்டுகள்! பத்து வயதில் கடற்கரைக்கு வந்தவன் இருபத்தைந்து வயதாகி, தானே இன்னொரு சிறுவனை அழைத்துவரும் காலம் அது. 1991இல் மொரீன் செனவிரத்ன அம்மையார் முன்னின்று தொடங்கிய அமைப்பு ஊர் ஊராகத் தாய்மாரிடம் பேசியது. 1998இல் தேசியச் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கான சட்டம் வந்தது. நல்லவைதாம். ஆனால் அத்தாய்மாருள் ஞாயிறு திருப்பலி தவறாதவர் எத்தனை பேர். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அவர்கள் காதில் விழுந்த மறையுரைகள் எத்தனை!

இரண்டாவது கோவா. மட்காவ் நகரில் ஃபிரெடி பீட்ஸ் என்றொருவர் ஆதரவற்ற சிறுவருக்கென ஓர் இல்லம் நடத்திவந்தார். ஏழைப் பிள்ளைகளைக் காக்கும் நல்லவர் என்று பெயர். 1991 ஏப்ரலில் அவர் கைதானபோது, சிறுவர்களை இழிவுபடுத்தி எடுத்த 2,000க்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள் அவரிடமிருந்து கைப்பற்றப்பட்டன. பல நாட்டு ஆடவருக்கு அந்தப் பிள்ளைகளை அவர் விருந்தாக்கியிருந்தார். ஷீலா பார்ஸே என்னும் பத்திரிகையாளர் வழக்கைத் தூங்கவிடாமல் பின்தொடர்ந்தார். 1996 மார்ச்சில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் அவர் சிறையிலேயே இறந்தார்.

ஆனால் வாங்கியவர்கள்? உடன் குற்றம் சாட்டப்பட்ட வெளிநாட்டவர் பலர் நாட்டைவிட்டுச் சென்றிருந்தனர். அவர்களைத் தேடிப் பிடிப்பது ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அவர்களுள் ஒருவரை ஒப்படைக்குமாறு இந்தியா கேட்டபோது, மனநலக் குறைவைக் காரணம் காட்டி இங்கிலாந்து நீதிமன்றம் 2014இல் மறுத்துவிட்டது. இருபத்து மூன்று ஆண்டுகள்! அன்றைய சிறுவர்கள் அதற்குள் நடுவயதினர்.

மட்காவ் பெரிய ஆலயங்கள் உள்ள நகரம். அந்த இல்லத்தைக் கண்டு மகிழ்ந்தவர்கள் யாவரும் கெட்டவர்கள் அல்லர். 'பிள்ளைகள் இல்லம்' என்ற பெயர்ப்பலகையைக் கண்டதும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள், அவ்வளவே. மும்பை கொலாபாவில் 'ஆங்கரேஜ்' என்ற பெயரில் தெருச் சிறுவர் இல்லம் நடத்திய ஆங்கிலேயர் இருவரின் வழக்கும் இவ்வகையே. 2006இல் கீழ்நீதிமன்றம் தண்டித்தது. 2008இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது. நம்மிடம் வெளிநாட்டு உதவிக் கடிதத்துடன் வரும் புரவலர்களை நாம் எவ்வாறு வரவேற்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தோம். மாலை, சால்வை, பிள்ளைகளின் நடனம். யாரென்று ஒரு கேள்வி கேட்பது நாகரிகக் குறைவு என்றல்லவா கருதிவந்தோம்!

1990களில்தான் காற்று சற்றே திசை மாறியது. ஆசியத் திருச்சபைகளைச் சேர்ந்தோர் 1980இல் மணிலாவில் கூடிப் பேசியதன் தொடர்ச்சியாக, பாங்காக்கில் சிறுவரைக் காக்கும் ஓர் இயக்கம் 1990இல் பிறந்தது. எக்பாட் என்பது அதன் பெயர். அவ்வியக்கம் கேட்டது எளிய ஒன்று: குற்றம் எங்கே நடந்தாலும் பயணியைச் சொந்த நாட்டிலேயே விசாரியுங்கள். ஜெர்மனி 1993இலும் ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் 1994இலும் அவ்வாறு சட்டம் செய்தன. தாய்லாந்தில் சிறுவன் ஒருவனுக்கு இழைத்த குற்றத்துக்காக 1995இல் ஸ்வீடனில் ஒருவர் தண்டிக்கப்பட்டார். 1996 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமில் 122 அரசுகளின் பேராளர்கள் முதன்முறையாக இதற்கெனவே கூடினர். கோவாவின் சிறுவர் சட்டம் 2003இல் வந்தது. விடுதிக்குள் சிறுவருக்கு நேரும் தீங்குக்கு விடுதி உரிமையாளரைப் பொறுப்பாக்கியது அது. இத்தகைய படச்சுருளைக் கண்டால் கழுவித் தரும் கடைக்காரரே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. நாடு முழுமைக்குமான போக்சோ சட்டம் 2012இல் வந்தது.

சட்டம் இறுகிய இடத்திலிருந்து பயணி நகர்ந்தான். பிலிப்பைன்சில் இறுகியபோது இலங்கை, தாய்லாந்தில் இறுகியபோது கம்போடியா என்று அவன் பட்டியல் திருத்தப்பட்டுக்கொண்டே வந்தது. 'அந்த ஊர் கெட்டுவிட்டது' என்று வண்டியில் பேசியவர் சொன்னாரே, அதன் பொருள் அங்கே யாரோ நல்லவர் சிலர் பாடுபட்டார்கள் என்பதே. தன் வாயாலேயே ஒரு நற்சான்று வழங்கிவிட்டார், பாவம்.

இதுவரை எழுதியதை வாசித்தவர் வெள்ளைக்காரனின் பாவம் இது என்று ஆறுதல் கொண்டிருக்கலாம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால் முன்பக்கம் சாய்ந்து கேட்டவர் நம்மவர். விற்பனை இலக்கை எட்டிய முகவர்களைத் தாய்லாந்துக்கு அழைத்துச் செல்வது நம் நாட்டு நிறுவனங்களிடையே பழகிப்போன பரிசு. 2023 நவம்பரில் அந்நாடு இந்தியருக்கு விசா விலக்கு அளித்ததும் போவோர் தொகை பெருகிற்று. போகிறவர் யாவரும் அதற்காகப் போகிறார்கள் என்று சொல்வது அவதூறு. அந்நாட்டு மக்களுக்கும் இழைக்கும் அநீதி. புத்த விகாரங்களையும் கடலையும் கண்டு குடும்பத்தோடு மகிழ்ந்து திரும்புவோர் மிகப் பலர். எனினும் புதுமனை மந்திரிப்புக்குச் சென்ற வீடொன்றில், விருந்துக்குப் பின் மாடியில் ஆடவர் சிலர் பாட்டயாவையும் கொழும்பையும் ஒப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்ததை நம் காதால் கேட்டோம். நம்மைக் கண்டதும் பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறியது. நாமும் கிரிக்கெட் பேசினோம். மனைவியர் கீழே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தனர்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். இப்பகுதியில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வந்து தங்கி வேலைசெய்யத் தொடங்கிய காலத்தில், விடுதிப் பெண்களின் உடையையும் கைப்பேசியையும் இரவு நேர நடமாட்டத்தையும் குறித்து நாம் மறையுரை ஆற்றியிருக்கிறோம். ஒரு தடவை அன்று, பல தடவை. மூத்தவர்கள் தலையசைத்தார்கள். தொலைமாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து, நின்றுகொண்டே எட்டு மணிநேரம் கருவிகளைப் பொருத்திவிட்டு வரும் அப்பிள்ளைகள் பின்வரிசையில் அமர்ந்து அதைக் கேட்டார்கள். அவர்களில் சிலர் பிறகு வரவில்லை. 1868இன் சட்டம் யாரைப் பரிசோதித்ததோ அவர்களையே நாமும் பரிசோதித்தோம். விடுதிகளின் வாசலில் வண்டியை நிறுத்திக் காத்திருப்போரைக் குறித்து அந்த ஆண்டுகளில் ஒரு சொல்லும் சொன்னதாக நமக்கு நினைவில்லை. இவ்வகைச் செயல்களை மனித மாண்புக்கு எதிரான இழிவுகள் என்று வரிசைப்படுத்தும் 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டின் 27ஆம் எண்ணைக் குருமடத்தில் மனப்பாடமாக ஒப்பித்தவர்தாம் நாம். அந்த எண் மேலும் ஒன்று சொல்கிறது: இவை இழிவுறுவோரைவிட இழைப்போரையே மிகுதியாகக் கறைப்படுத்துகின்றன என்று. அந்தப் பகுதி எப்படியோ மறந்துபோயிற்று.

உயிர்ப்புப் பெருவிழா கழிந்த வாரம் ஓட்டுநர்களைப் பங்குக் கூடத்துக்கு அழைத்தோம். பதினொருவர் வந்தனர். பாதிப்பேர் நம் பங்கினர் அல்லர். இந்து சகோதரர்கள் சிலர், இஸ்லாமியர் ஒருவர். சிறுவர் யாரேனும் ஆபத்தில் இருப்பதாக ஐயம் எழுந்தால் 1098 என்ற எண்ணை அழைக்கலாம் என்பதைக்கூட அவர்களில் பெரும்பாலோர் அறிந்திருக்கவில்லை. தேநீர் வந்த பிறகே பேச்சு வந்தது. பதினெட்டு ஆண்டுகளாக ஓட்டும் பெரியவர் ஒருவர், "கேக்கறவங்க பாதிப்பேர் நம்மாளுங்கதான் சாமி. அறிமுகம் பண்ணி வச்சா ஐந்நூறு தர்றேன்பாங்க. வாங்கினவனும் இருக்கான். நான் பேர் சொல்லமாட்டேன்" என்றார். ஒருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அடுத்த கூட்டம் எப்போது என்று அவர்களே கேட்டார்கள்.

வேப்பமரத்தடி இளைஞர் சென்ற மாதம் மீண்டும் வந்தார். அதே நம் நாட்டவர் மறுபடி அவர் வண்டியில் ஏறியிருக்கிறார். அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். இம்முறை இவர் கண்ணாடியில் அவரைப் பார்த்து, "உங்க பேரு என்ன சார்? எந்தக் கம்பெனி?" என்று கேட்டாராம். இரைந்து கேட்கவில்லை, பயணச்சீட்டில் எழுதக் கேட்பதுபோல்தான் கேட்டாராம். அதற்குப் பிறகு விமான நிலையம் வரை வண்டியில் பேச்சே இல்லை.

மறுநாளிலிருந்து அந்த நிறுவனத்தின் சவாரி அவருக்குத் தரப்படவில்லை. இப்போது ஒரகடத்தில் ஊழியர்களை ஏற்றும் பேருந்து ஓட்டுகிறார். சம்பளம் குறைவு. இரவுப் பணி முடிந்து வரும் தங்கை அந்தப் பேருந்திலேயே வீடு திரும்புகிறாள்.